ஆத்தாவுக்கு வெந்நீர்: பள்ளத்தூர் வீட்டில் சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா?

கேள்வி – வளவு வீட்டுப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பள்ளத்தூரில். அப்பச்சியின் ஐயா (அப்பாவின் தாத்தா) கட்டியது, இப்போது ஏழு பங்கு. நிரந்தரமாகக் குடியிருப்பது எங்கள் ஆத்தா (அம்மா) மட்டும்தான். வயது 78. துணைக்கு ஓர் அக்கா கூடவே தங்கியிருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒருமுறை பல்லவன் ரயிலில் வந்து போகிறேன்.

ஆத்தா விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். கொல்லைப் பக்கத்தில் பழைய செம்பு பாய்லர் ஒன்று இருக்கிறது. நடுவில் குழாய் போல ஓடும் புகைபோக்கியில் கொட்டாங்கச்சியும் கருவேலஞ் சுள்ளியும் போட்டுப் பற்றவைப்பார். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் காய்ந்துவிடும். அடியில் உள்ள குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, விளாவிக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதுதான் வழக்கம்.

போன மாதம் வந்தபோது ஆத்தாவின் வலது முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு பார்த்தேன். கேட்டதற்கு, "கங்கு தெறிச்சிருச்சு, ஒண்ணுமில்ல" என்றார். அந்த அக்காவைத் தனியாகக் கேட்டபோதுதான் சேலைத் தலைப்பில் நெருப்புப் பிடித்ததும், இவர் ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றியதும் தெரியவந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

பாய்லரை நிறுத்தியே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "சோலார் போட்டுவிடு, பணம் நான் தருகிறேன்" என்கிறான். ஆத்தாவுக்கும் அதில்தான் விருப்பம். "வெயில் சும்மாதானே காயுது" என்கிறார். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது முற்றத்தில் செம்பு அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்து, பத்து மணி வெயிலில் வெதுவெதுப்பானதும் அதில்தான் குளிக்க வார்ப்பார். அதனால் அவருக்குச் சோலார் என்பது புதிய சங்கதியே இல்லை.

காரைக்குடியில் விசாரித்தேன். கண்ணாடிக் குழாய் வைத்தது 100 லிட்டர் 24,000 ரூபாய், 200 லிட்டர் 38,000. செம்புத் தகடு வைத்த தட்டையான பலகை வகை 200 லிட்டர் 58,000. பைப் வேலை தனி. வீட்டு விவரம்: வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) முழுக்க நாட்டு ஓடு, சோலாரை வைக்க முடிந்தது முகப்புக்கு மேலே உள்ள மொட்டை மாடியில் மட்டும். குளியலறை கொல்லையில். போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) 1,100 காட்டுகிறது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் அளவில் வரும்.

போடலாமா? போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – கானாடுகாத்தான் விருந்தினர் வீடு

வணக்கம் ஆச்சி. நான் 500 லிட்டர் சோலார் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. எங்களுக்கு நல்லபடியாகக் கட்டுப்படியாகிவிட்டது. ஆனால் எங்கள் கணக்கும் உங்கள் கணக்கும் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு எட்டு அறை. மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் அறை காலி இருக்காது. வெளிநாட்டுக்காரர்கள் சுடச்சுட ஷவரில் நிற்பார்கள், வடநாட்டுக் குடும்பங்கள் கோடையிலும் வெந்நீர் கேட்கும். அறைக்கு ஒன்றாக எட்டு கெய்சர் ஓடியபோது பில்லைப் பார்க்கவே பயமாக இருக்கும், அதுவும் வணிகக் கட்டணத்தில். சோலார் போட்ட பிறகு நாலாவது வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிட்டது. காரணம் ஒன்றுதான்: தினமும் காய்கிற தண்ணீர் தினமும் தீர்ந்துவிடுகிறது. நேற்றுக் காய்ந்த தண்ணீர் டேங்கில் அப்படியே கிடந்தால் இன்றைய வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை. அந்த வெயிலால் உங்களுக்கு ஒரு காசு லாபம் கிடையாது.

ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் அடைமழை பிடித்தால் பச்சைத் தண்ணீர்தான் வரும். அந்த நாட்களிலும் விருந்தினருக்கு வெந்நீர் வேண்டும். அதனால் கெய்சர்களைக் கழற்றவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வளவு ஓட்டின் மேல் எதையும் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். 200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. எங்கள் பக்கத்து வீட்டில் ஓட்டுச் சரிவில் இரும்புச் சட்டம் அடித்து ஏற்றினார்கள். மறு வருஷ மழையில் தேக்குக் கைமரம் ஊறி, வளவுக்குள் ஒழுகி, இன்றுவரை அந்த மூலை சரியாகவில்லை.

பதில் 2 – கொத்தமங்கலம் பிளம்பர்

ஆச்சி, நான் இந்தப் பக்கம் பைப் வேலை, சோலார் மாட்டுற வேலை ரெண்டும் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். விற்கிறவர் டேங்க் விலை சொல்லுவார். நம்ம வீடுகளில் செலவு டேங்கோடு முடியாது.

முதலில் உயரம். பம்பு இல்லாமல் ஓடுகிற இந்த வகையில் சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அதனால்தான் டேங்க் மேலே, கண்ணாடிக் குழாய் கீழே. அந்த டேங்குக்குப் பச்சைத் தண்ணீர் போகவேண்டும் என்றால் சின்டெக்ஸின் அடிப்பாகம் சோலார் டேங்கின் தலைக்கு மேலே இருக்கவேண்டும். அதாவது ஏழடி ஸ்டாண்டு. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நிறைந்தால் ஒரு டன் கனம். அந்த ஒரு டன்னும் நாலு கால் வழியாக உங்கள் ஐயா காலத்துச் சுண்ணாம்புத் தளத்தில் இறங்கும். கால் நாலும் சுவருக்கு நேர் மேலே நின்றால் தாங்கும், நடுத்தளத்தில் நின்றால் நான் பொறுப்பேற்க மாட்டேன்.

அப்புறம் தூரம். நம்ம வீடுகள் ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக்கதவு என்று கிடக்கும். முகப்பு மாடியிலிருந்து கொல்லைக் குளியலறை வரைக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள். எவ்வளவு அடி பைப் போகிறதோ அவ்வளவு தண்ணீர் ராத்திரி முழுக்க அதற்குள் ஆறிக் கிடக்கும். காலையில் குழாயைத் திறந்ததும் வருவது அந்த ஆறின தண்ணீர். அது போய்த் தீர்ந்த பிறகுதான் சூடு வரும். வெந்நீர் பைப்புக்கு சிபிவிசிதான் போடவேண்டும், சாதாரண பிவிசி சூட்டில் தொய்ந்து மூட்டு விட்டுவிடும். மேலே கறுப்பு உறையும் போடவேண்டும். ஒரு அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் உங்கள் வீட்டுக்குப் பைப் செலவே பத்தாயிரத்தைத் தாண்டும்.

தெற்குப் பார்த்துத்தான் மாட்டவேண்டும். சாய்வு இருபது, இருபத்தைந்து டிகிரி இருந்தால் மார்கழி வெயில் நன்றாக விழும். குன்றக்குடிப் பக்கம் போட்ட இரண்டு வீட்டில் குரங்கு குதித்துக் கண்ணாடிக் குழாய் உடைந்தது. ஒரு குழாய் உடைந்தாலும் டேங்க் தண்ணீர் மொத்தமும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். குழாய் மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் அன்றைக்கு வெந்நீர் கிடையாது, ஆத்தா மாடியேறிப் பார்க்கவும் முடியாது. டேங்க் காலியாக இருக்கும்போது உச்சி வெயிலில் தண்ணீர் திறந்தாலும் குழாய் படீரென்று வெடிக்கும். விடியற்காலையில்தான் நிரப்பவேண்டும். வீட்டில் இதையெல்லாம் கவனிக்க ஓர் ஆள் உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 – சிக்ரி ஓய்வு

அம்மா, நான் காரைக்குடி சிக்ரியில் அரிமானப் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் அது. இரும்பையும் எஃகையும் தண்ணீர் எப்படித் தின்கிறது என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அதனால் உங்கள் 1,100 டிடிஎஸ் என் கண்ணில் முதலில் பட்டது.

உப்புத் தண்ணீருக்கு எவர்சில்வர் டேங்க்தான் நல்லது என்று கடையில் சொல்வார்கள். துருப்பிடிக்காத எஃகுதான், ஆனால் குளோரைடு அதிகமான தண்ணீர் சூடாகவும் இருந்தால், பற்றவைத்த மூட்டுகளில் ஊசி குத்தியது போலப் பொட்டுப் பொட்டாக அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். என் மைத்துனர் வீட்டில் நாலாவது வருஷமே மூட்டில் கசிந்தது. விற்றவர்கள் தண்ணீர் சரியில்லை என்று சொல்லி உத்தரவாதத்தை மறுத்துவிட்டார்கள். உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு கொடுத்த இரும்பு டேங்கும், அதற்குள் ஒரு மெக்னீசியக் கம்பியும் உள்ளதாகக் கேட்டு வாங்கவேண்டும். மெக்னீசியம் தான் கரைந்து டேங்கைக் காப்பாற்றும். கரைந்து தீர்ந்ததும் புதுக்கம்பி மாற்றவேண்டும். பலர் அப்படி ஒரு கம்பி இருப்பதையே தெரிந்துகொள்வதில்லை.

சுண்ணாம்புப் படிவு விஷயத்தில் கண்ணாடிக் குழாய் வகை பரவாயில்லை. குழாய் அகலம், படிந்ததை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவலாம். 58,000 சொன்ன தட்டைப் பலகையில் செம்புக் குழாய் ஒடுக்கம், நம் போர் தண்ணீர் நேரடியாக அதில் ஓடினால் அடைத்துக்கொள்ளும். சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் குழாயில் வருகிற காரைக்குடி வீட்டுக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது பணக்கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.186 கிலோஜூல் வேண்டும். 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற ஏறக்குறைய மூன்றரை யூனிட். விற்பவர்கள் இதைத்தான் காட்டி, தினம் மூன்றரை யூனிட் மிச்சம் என்பார்கள். உங்கள் ஆத்தாவுக்கு அவ்வளவு வேண்டுமா? அவருக்கு இரண்டு வாளி, கூட இருப்பவருக்கு ஒரு வாளி, மொத்தம் 60 லிட்டர். மார்கழியில்கூட நம் ஊர்த் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கும், குளிக்க 40 போதும். 60 லிட்டரை 15 டிகிரி ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். விரயத்தையும் சேர்த்து ஒன்றேகால் யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 75 யூனிட். நீங்கள் 260-ல் இருக்கிறீர்கள், கூட்டினால் 335. அந்த அடுக்கில் யூனிட் ஐந்து ரூபாய்க்குள்தான். 375 ரூபாய். சித்திரை வைகாசியில் சின்டெக்ஸ் தண்ணீரே கையைச் சுடும், அப்போது எதுவும் வேண்டாம். ஆக வருஷத்துக்கு 1,900 ரூபாய் அளவு.

100 லிட்டர் சோலார் 24,000, பைப் 10,000. இரண்டையும் கூட்டி 1,900-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பதினெட்டு வருஷம் ஆகிறது. நம் தண்ணீரில் அந்த டேங்க் அவ்வளவு காலம் உழைக்காது. உங்கள் பில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடாக இருந்தால் கணக்கு மாறும். 500-க்கு மேல் போனால் கடைசி யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், அதோடு 101 முதல் 200 வரை கிடைக்கிற மலிவு விலையும் போய்விடும். அப்படி ஒரு வீட்டில் ஐந்தாறு பேர் தினமும் குளித்தால் தாராளமாகப் போடலாம்.

மழைக்காலத்துக்கு டேங்குக்குள்ளேயே கரண்ட் ஹீட்டர் வைத்துத் தருகிறோம் என்பார்கள். அது மொத்த டேங்கையும் காய்ச்சும். 200 லிட்டரை 25 டிகிரி ஏற்றினால் ஆறு யூனிட் போய்விடும், ஆத்தாவும் கூட இருப்பவரும் மூன்று வாளி குளிக்க!

பதில் 4 – தேவகோட்டை ரஸ்தா

மேற்கூரை சோலார் மின்சாரம் போடலாமே? 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 வரை மானியம். வெந்நீர் சோலாருக்கு முன்பு இருந்த மத்திய மானியத்தை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். மின் இணைப்பு உங்கள் ஆத்தா பெயரில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பதில் 5 – வளவு வீட்டுப் பெண்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய், நீங்கள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ரஸ்தா நண்பருக்கு முதலில்: இணைப்பு இன்னும் எங்கள் ஐயா (தாத்தா) பெயரிலேயே இருக்கிறது. அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. பெயர் மாற்ற ஏழு பங்காளிகளும் கையெழுத்துப் போடவேண்டும், அதில் மூன்று பேர் வெளிநாடு. மாடியும் பொதுவில்தான் இருக்கிறது. அது நடக்கவேண்டிய வேலைதான், ஆனால் அதுவரை ஆத்தா நெருப்போடு மல்லுக்கட்ட முடியாது.

கொத்தமங்கலம் அண்ணன் சொன்னபடி டேப் வைத்து அளந்தேன். ஒரு முனையை அக்கா பிடித்துக்கொண்டு முகப்பு மாடி விளிம்பில் நின்றார். நான் மறுமுனையோடு வளவைச் சுற்றி, இரண்டாங்கட்டு தாண்டி, அடுப்படிச் சுவரோரமாகக் கொல்லைக்குப் போனேன். மாடி இறக்கத்தையும் சேர்த்து 118 அடி. முக்கால் இஞ்ச் பைப்பில் ஏறக்குறைய ஒன்பது லிட்டர் தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும் என்று தம்பி கணக்குப் போட்டுச் சொன்னான்.

அடுத்த நாள் ஆத்தா குளிக்கும்போது பக்கத்தில் இருந்தேன். காய்ச்சல் பார்க்கிற கருவியைவிடப் பெரிய சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கொண்டுபோயிருந்தேன். பாய்லர் தண்ணீர் 62 டிகிரி. ஆத்தா வாளியில் மூன்று செம்பு வெந்நீர் ஊற்றி, மீதியைப் பச்சைத் தண்ணீரால் நிரப்பி, புறங்கையை விட்டுப் பார்த்தார். இன்னும் அரைச்செம்பு ஊற்றினார். மறுபடி கை விட்டார். "இப்ப சரி" என்றார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், சரியாக 40. எத்தனையோ வருஷமாக அந்தக் கைக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது! மூன்றரைச் செம்பை அளந்தேன், ஏழரை லிட்டர் வந்தது. இரண்டு வாளிக்குப் பதினைந்து லிட்டர். அந்தப் பதினைந்துக்காக ஒன்பது லிட்டர் ஆறின தண்ணீரைத் தினமும் திறந்துவிடவேண்டும், பிறகு இன்னொரு ஒன்பது லிட்டர் வெந்நீரைப் பைப்புக்குள் ஆறவிடவேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு தெளிந்துவிட்டது.

சிக்ரி ஐயா, உங்கள் கணக்கைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். அவனும் ஒத்துக்கொண்டான். குளியலறைச் சுவரிலேயே 15 லிட்டர் கெய்சர் மாட்டுவது என்று பேசி முடித்துவிட்டோம். ஆனால் அதற்கு வயரிங் பார்க்க வந்தவர் கொல்லைப் பக்க மின்கம்பியைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். தேக்குப் பட்டையில் ஓடுகிற பழைய வயர், எர்த்தே கிடையாது. 2,000 வாட் கெய்சருக்கு ஒன்பது ஆம்பியர் இழுக்கும், அந்த வயர் தாங்காது, ஈரக்கையோடு தொட்டால் ஆபத்து என்றார். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 16 ஆம்பியர் பிளக், புதிதாக எர்த் குழி, மின்கசிவு இருந்தால் உடனே கட் பண்ணுகிற ஆர்சிசிபி, எல்லாம் சேர்த்து 11,000. கெய்சர் 8,500. கொல்லைப் பக்கம் கெய்சர் மாட்ட நினைக்கிற பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் தயவுசெய்து எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளவில் விளக்கு எரிகிறதே என்று நம்பி மாட்டிவிடாதீர்கள்.

ஆத்தாவுக்கு ஏமாற்றம்தான். "வெயில் சும்மாதானே போகுது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் முற்றத்து ஓரத்தில் கிடந்த பழைய செம்பு அண்டாவை வெயில் விழுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தேன். பத்து மணிக்கு 27 டிகிரி இருந்த தண்ணீர் இரண்டு மணிக்கு 39. பாத்திரம் கழுவவும் சாயங்காலம் கால் அலம்பவும் அது போதும் என்று அக்காவும் சொல்கிறார். அதில் ஆத்தாவுக்குக் கொஞ்சம் சமாதானம்.

பதில் 6 – கொத்தமங்கலம் பிளம்பர்

நல்ல முடிவு ஆச்சி. கெய்சரை ஆத்தா கைக்கு எட்டுகிற சுவிட்சோடு வையுங்கள், பிளக்கு மட்டும் உயரத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கட்டும். கெய்சருக்குள்ளும் மெக்னீசியக் கம்பி உண்டு, வருஷம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். குழாயைத் திறக்கும்போது பச்சைத் தண்ணீரை முதலில் திறக்கச் சொல்லிப் பழக்குங்கள். வயசானவர்கள் பாய்லர் பழக்கத்தில் சூட்டை முதலில் திறப்பார்கள்.

பதில் 7 – வளவு வீட்டுப் பெண்

குறித்துக்கொண்டேன் அண்ணன். வியாழக்கிழமை எர்த் குழி வெட்ட வருகிறார்கள். கெய்சர் சனிக்கிழமை.

தையில் எல்லாப் பங்கும் வருகிறது, முப்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேருக்கு 15 லிட்டர் கெய்சர் எங்கே காணும் என்று ஆத்தா இப்போதே கேட்டுவிட்டார். அந்த மூன்று நாளுக்குப் பாய்லரைப் பற்றவைக்கலாம், ஆனால் பற்றவைப்பது தம்பிதான், ஆத்தா இல்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நேற்றுப் போன் பண்ணினால், அந்த அக்காவை வைத்துப் பாய்லருக்குப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறார்.